கொடி ஏத்துனவனுக்குக் கல்தா, வெள்ளைக்கார அட்மிரலுக்கு சல்யூட்

பிப்ரவரி மாசம் வந்தாப் போதும், அந்த ஃபார்வர்டு தவறாம வந்து விழுந்துடும். உங்களுக்கும் வந்திருக்கும். "சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது காந்தி இல்லை, கடற்படைக் கலகம்தான். இங்கிலாந்துப் பிரதமர் அட்லியே ஒப்புக்கொண்டார்." கீழே ஒரு போர்க்கப்பல் படம். பெரும்பாலும் அது ஏதோ அமெரிக்கக் கப்பலா இருக்கும், அதை விடுங்க.

இதை அனுப்புறவங்க கிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது வழக்கம். "சரிங்க, அந்த மாலுமிங்க அப்புறம் என்ன ஆனாங்க?" இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் பதில் வந்ததில்லை. காந்தியை அடிக்க ஒரு கம்பு வேணும், கையில கிடைச்சது இந்த மாலுமிங்க. அடிச்சு முடிச்சதும் கம்பை மூலையில போட்டாச்சு. எதிர்த்தரப்பும் ஒண்ணும் யோக்கியம் இல்லை. "அதெல்லாம் சாப்பாட்டுப் பிரச்சினைங்க, பெரிசா ஒண்ணும் இல்லை"ன்னு ஒரே வரியில தள்ளிட்டுப் போயிடுவாங்க.

முதல்ல அந்த அட்லி கதையை முடிச்சுடுவோம். 1956ல அட்லி இந்தியா வந்தப்போ மேற்கு வங்கத்தில் தற்காலிக ஆளுநரா இருந்தவர் நீதிபதி பி.பி.சக்ரவர்த்தி. தன்னோட பேசும்போது அட்லி இப்படிச் சொன்னதா அவர் ஒரு கடிதத்துல எழுதினார். எழுதினது எப்போ? ஏறத்தாழ இருபது வருஷம் கழிச்சு, 1976ல. சாட்சி அவர் ஒருத்தர்தான். பொய்னு நான் சொல்லலை. ஆனா இதை மட்டும் வெச்சு ஒரு நாட்டோட சரித்திரத்தையே திருப்பிப் போட முடியாது. இன்னொண்ணும் சொல்வாங்க: பிப்ரவரி 18ல கலகம், 19ந்தேதியே கேபினட் மிஷன் அறிவிப்பு, பாத்தியா பயத்தை! தேதி ரெண்டும் சரிதான். ஆனா அந்தக் குழுவை அனுப்புறதுன்னு லண்டன்ல முடிவானது ஜனவரி கடைசியிலயே. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ராயல் இந்தியன் நேவின்னு ஒண்ணு இருந்துச்சு. 1939ல போர் ஆரம்பிச்சப்போ அதுல சில ஆயிரம் பேர்கூடத் தேற மாட்டாங்க. 1945ல அது பத்து மடங்குக்கு மேல வீங்கியாச்சு. எப்படி வீங்குச்சு? ஆள்பிடிக்கிறவங்க ஊர் ஊராப் போய் "நல்ல சம்பளம், தொழில் கத்துக்கலாம், உலகம் பாக்கலாம்"னு பேசி, பத்தாங்கிளாஸ் படிச்ச பசங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. சென்னை மாகாணத்துல இருந்தும் போனாங்க, பஞ்சாப்ல இருந்தும் போனாங்க, வங்காளத்துல இருந்தும் போனாங்க. இந்தப் பசங்க சும்மா உட்கார்ந்து சாப்பிடலை. 1942 நவம்பர்ல ஹெச்.எம்.ஐ.எஸ். பெங்கால்னு ஒரு சின்னக் கண்ணிவாரிக் கப்பல், ஓண்டினாங்கிற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாப் போய்க்கிட்டு இருந்துச்சு. நடுக்கடல்ல தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரெண்டு ஜப்பான் கப்பல்களோட மோதுச்சு. அதுல ஒண்ணு வெடிச்சு மூழ்குச்சு. 1945 தொடக்கத்துல பர்மாவுல அரக்கான் கரையோரம் படைகளை இறக்கினப்போ இந்தியக் கப்பல்களும் அங்க நின்னுச்சு.

போர் முடிஞ்சுது. இனிமே என்ன? வந்தவங்களை வீட்டுக்கு அனுப்பணும். அனுப்புறதுல ஆமை வேகம். வெளிய போனா வேலை கிடைக்குமான்னா அதுக்கும் உத்தரவாதம் இல்லை. இதே நேரத்துல இந்தியச் சிப்பாய்களை இந்தோனேசியாவுக்கு அனுப்பியிருந்தாங்க. எதுக்கு? ஜப்பான்காரன் போன இடத்துல டச்சுக்காரனைத் திரும்ப உட்கார வைக்க. சுராபயாவில் 1945 நவம்பர்ல நடந்த சண்டையில இந்தோனேசியாக்காரன் மேல சுட்டதுல நம்ம ஆளுங்களும் உண்டு. விடுதலைக்காகப் போர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனவன், போர் முடிஞ்சதும் இன்னொருத்தன் விடுதலையைக் கெடுக்க அனுப்புறான். மாலுமிங்க வைச்ச கோரிக்கைகள்ல "இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பக் கூப்பிடு"ன்னு ஒண்ணு இருந்துச்சு. சாப்பாட்டுப் பிரச்சினைன்னு ஒதுக்குற பெரிய மனுஷங்க இந்த ஒரு கோரிக்கையை எந்த மெஸ்ஸுல பரிமாறினாங்கன்னு சொன்னா தேவலை.

சாப்பாடும் பிரச்சினைதான். அதைச் சொல்ல என்ன வெட்கம்? கல்லும் மண்ணும் கலந்த சோறு, வாயில வைக்க முடியாத பருப்பு. அதே வேலையைப் பார்க்கிற வெள்ளைக்கார மாலுமிக்கு வேற சம்பளம், வேற சாப்பாடு, வேற மரியாதை. பம்பாயில் ஹெச்.எம்.ஐ.எஸ். தல்வார்னு ஒரு இடம். பேரைப் பார்த்தாக் கப்பல் மாதிரி இருக்கும், ஆனா அது கரையில இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. அதோட தலைவர் கமாண்டர் கிங். இவர் பசங்களைத் திட்டுற திட்டெல்லாம் இங்க எழுத முடியாது. கூலிக்காரன் பெத்ததுங்கங்கிற ரேஞ்சுல ஆரம்பிச்சு அம்மா வரைக்கும் போகும். புகார் கொடுத்தாங்க. புகார் கொடுத்தவங்களையே மிரட்டினாங்க.

அதுக்கு முன்னாடியே பி.சி.தத்னு ஒரு தந்தி ஆபரேட்டரும் அவரோட கூட்டாளிகளும் ராத்திரியோட ராத்திரியா சுவர்ல 'வெள்ளையனே வெளியேறு', 'ஜெய் ஹிந்த்'னு எழுத ஆரம்பிச்சிருந்தாங்க. 1945 டிசம்பர் 1ந்தேதி பொதுமக்கள் வந்து பார்க்கிற நாள்ல ஒரு தடவை. 1946 பிப்ரவரி 2ந்தேதி படைத் தலைவர் ஆக்கின்லெக் வர்ற அன்னிக்கு இன்னொரு தடவை. ரெண்டாவது தடவை தத் மாட்டிக்கிட்டார்.

பிப்ரவரி 18 காலையில தல்வார் மாலுமிங்க மெஸ்ஸுல தட்டைத் தள்ளி வெச்சுட்டு, வேலைக்கும் போக மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அது சிக்னல் பள்ளி. கம்பியில்லாத் தந்தி இவங்க கையில. சேதி கப்பல் கப்பலாப் பறந்துடுச்சு. மறுநாளே பம்பாய்த் துறைமுகம் முழுக்கப் பரவி, அப்புறம் கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம், நம்ம சென்னையில ஹெச்.எம்.ஐ.எஸ். அடையாறுன்னு போய்ச் சேர்ந்துச்சு. சுமார் 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், 20,000 மாலுமிகள்னு கணக்கு. இங்கிலாந்துக் கொடியை இறக்கிட்டு காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடின்னு மூணையும் சேர்த்துக் கட்டினாங்க. போராட்டக் குழுத் தலைவர் எம்.எஸ்.கான், துணைத்தலைவர் மதன் சிங். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர். அடுத்த ஒண்ணரை வருஷத்துல பஞ்சாப்ல என்ன நடந்ததுன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல பார்த்தா மனசு என்னமோ பண்ணும்.

21ந்தேதி காசில் பேரக்ஸ்ல துப்பாக்கிச் சண்டை. அன்னிக்கு வானொலியில அட்மிரல் காட்ஃப்ரே வந்து மிரட்டினார்: கடற்படையே அழிஞ்சாலும் பரவாயில்லை, எங்க கிட்ட இருக்கிற பலம் முழுக்க இறங்கும்ங்கிற அர்த்தத்துல. (இந்தக் காட்ஃப்ரே யார் தெரியுமோ? போர்க்காலத்துல இங்கிலாந்துக் கடற்படை உளவுத்துறைத் தலைவர். அவர்கிட்ட உதவியாளரா இருந்தவர் இயான் ஃப்ளெமிங். ஜேம்ஸ் பாண்ட் கதையில வர்ற 'எம்'முக்கு மாதிரியே இவர்தான்னு சொல்வாங்க. நம்ம பசங்க சண்டை போட்டது ஜேம்ஸ் பாண்டோட பாஸ் கூட!) பம்பாய் ஜனங்க என்ன பண்ணாங்க? கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கிட்டு வந்து கொடுத்தாங்க. 22ந்தேதி ஆலைத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம். தெருவுல துப்பாக்கிச் சூடு. அரசாங்கக் கணக்குப்படியே பம்பாயில் செத்தவங்க 228 பேர். கராச்சியில் ஹெச்.எம்.ஐ.எஸ். ஹிந்துஸ்தான் கப்பல் பீரங்கியால பதில் கொடுத்து, அப்புறம் சரணடைஞ்சுது.

தலைவர்கள்? அருணா ஆசஃப் அலி மாலுமிங்க பக்கம் நின்னாங்க. கம்யூனிஸ்ட்டுகள் கடையடைப்புக்குக் கூப்பிட்டாங்க. காந்தி கண்டிச்சார்: வேலை பிடிக்கலைன்னா ராஜினாமா பண்ணிட்டுப் போகணும், இந்து முஸ்லிம் ஒற்றுமைன்னாலும் வன்முறைக்காக ஒண்ணு சேர்றது நல்லதில்லைன்னு. படேல் பம்பாயில் உட்கார்ந்து பேசி, சரணடையுங்க, உங்களைப் பழிவாங்காம பாத்துக்கறோம்னார். ஜின்னாவும் போராட்டத்தை விடச் சொன்னார். 23ந்தேதி காலையில கறுப்புக் கொடி ஏத்திச் சரணடைஞ்சாங்க. நாங்க பிரிட்டனுக்குச் சரணடையலை, இந்தியாவுக்குச் சரணடையறோம்னு போராட்டக் குழு சொல்லிட்டுத்தான் முடிச்சுது.

என் சண்டை இங்கதான் ஆரம்பிக்குது.

படேல் செஞ்சது தப்புன்னு நான் சொல்ல வரலை. காட்ஃப்ரே சொன்னதைச் செய்யக்கூடிய ஆள்தான். அந்த இருபது வயசுப் பசங்க கிட்ட ஒரு திட்டமும் கிடையாது, கரையில அவங்களுக்குப் பின்னாடி ஒரு படையும் கிடையாது. இன்னும் நாலு நாள் போயிருந்தா துறைமுகத்துல பிணம் மிதந்திருக்கும். நாளைக்குச் சுதந்திர இந்தியாவுக்கும் ராணுவம் வேணும், அதுல ஒழுங்கு குலையக்கூடாதுன்னு படேல் வாதம் பண்ணினார். அதுவும் நியாயமான வாதம்தான். பட்டாளம் தினசரி கை தூக்கி ஓட்டுப் போட்டு முடிவெடுத்தா என்ன ஆகும்னு பக்கத்து நாடுகளைப் பார்த்தாத் தெரியும்.

ஆனா "பழிவாங்க மாட்டாங்க"ன்னு கொடுத்த வாக்கு? அது எங்க போச்சு? சரணடைஞ்ச கையோட முக்கியமான ஆளுங்களைப் பிடிச்சு முலுண்ட் முகாம்ல அடைச்சாங்க. 476 பேருக்கு வேலை போச்சு. சரி, அது வெள்ளைக்காரன் பண்ணினது. 1947 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் யார் கையில இருந்துச்சு? அந்த 476 பேர்ல ஒருத்தரைக்கூடத் திரும்பச் சேர்த்துக்கலை. இந்தியாவும் சேர்த்துக்கலை, பாகிஸ்தானும் சேர்த்துக்கலை.

இதுல இருக்கிற கூத்தைப் பாருங்க. பிரிவினையில கப்பல்களைப் பங்கு போட்டாங்க. சும்மா இல்லை, உட்கார்ந்து எண்ணிப் பங்கு போட்டாங்க. காவேரி நமக்கு, கிருஷ்ணா நமக்கு, யமுனா நமக்கு. கோதாவரியும் நர்மதாவும் அவங்களுக்கு. கோதாவரி அங்க போய் 'சிந்த்' ஆச்சு, நர்மதா 'ஜீலம்' ஆச்சு. கராச்சியில் சண்டை போட்ட அந்த 'ஹிந்துஸ்தான்' இருக்கே, அதுவும் பாகிஸ்தானுக்கே போச்சு, பேர் மாறி 'கர்சாஸ்' ஆச்சு. எல்லாத்தையும் எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கிட்ட ரெண்டு அரசாங்கமும், அதுல ஓடின 476 பசங்களை மட்டும் "எனக்கு வேண்டாம், நீயே வெச்சுக்கோ"ன்னு தள்ளிட்டாங்க.

ஒழுங்கு, ஒழுங்குன்னு சொல்றவங்களுக்கு இன்னொரு சேதி. சுதந்திர இந்தியாவோட கடற்படைக்கு முதல் தலைவர் யார்? ஜே.டி.எஸ்.ஹால். வெள்ளைக்காரர். அப்புறம் பாரி, பிஸே, கார்லில். எல்லாரும் வெள்ளைக்காரங்க. 1958 ஏப்ரல் வரைக்கும் இதே கதை. அதுக்கு அப்புறம்தான் ராம்தாஸ் கட்டாரி வந்தார், முதல் இந்தியத் தளபதி. செங்கல்பட்டுல பிறந்தவர்ங்கிறது நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். நல்லா யோசிங்க. தரைப்படைக்கு 1949லயே கரியப்பா வந்தாச்சு. கடற்படைக்கு மட்டும் பதினோரு வருஷம் லண்டன்ல இருந்து அட்மிரல் இறக்குமதி. அனுபவம் உள்ள மூத்த அதிகாரிங்க நம்மகிட்ட இல்லைன்னு காரணம் சொல்வாங்க. உண்மைதான், ஒத்துக்கறேன். காட்ஃப்ரேயோட சகாக்களைச் சேர்த்துக்க அனுபவம் காரணமா இருந்துச்சு. தல்வார்ல இருந்த ஆபரேட்டரைச் சேர்த்துக்க அவனோட அஞ்சு வருஷப் போர் அனுபவம் காரணமா ஆகலையே, ஏன்?

ஒழுங்கு மீறல்தான் காரணம்னா, அதே 1946 ஜனவரியில கராச்சி ட்ரிக் ரோடு விமானத் தளத்துல வேலைநிறுத்தம் பண்ணினது யாரு? வெள்ளைக்கார விமானப்படைக்காரங்க. "போர் முடிஞ்சாச்சு, எங்களை ஊருக்கு அனுப்பு"ன்னு உட்கார்ந்தாங்க. அது இந்தியா முழுக்கப் பரவி சிங்கப்பூர் வரைக்கும் போச்சு. அவங்க மேல எந்தக் கப்பலும் பீரங்கியைத் திருப்பலை. எந்த அட்மிரலும் வானொலியில அழிச்சுடுவேன்னு கத்தலை. சில பேருக்குச் சிறை கிடைச்சுது, மத்தவங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாங்க. அதுக்குப் பேரு வேலைநிறுத்தம். நம்ம பசங்க செஞ்சா அதுக்குப் பேரு கலகம். இன்னிக்கு வரைக்கும் நாமளும் அதே பேரையே சொல்லிக்கிட்டு இருக்கோம் பாருங்க. மாலுமிங்க அமைச்ச குழுவோட பேர்லயே 'வேலைநிறுத்தக் குழு'ன்னுதான் இருந்துச்சு.

இவ்வளவுக்கும் மேல, அரசாங்கமே ஒரு விசாரணைக் கமிஷன் போட்டுச்சு. பாட்னா தலைமை நீதிபதி ஃபஸல் அலி தலைமையில. வெள்ளைக்கார அதிகாரிங்களும் அதுல உறுப்பினர்கள். அந்தக் கமிஷனே என்ன சொல்லுச்சு? மாலுமிங்களோட மனக்குறைகள் உண்மை, அடிப்படைக் காரணம் அதுதான்னு. குறை உண்மைன்னு நீதிபதி சொல்லியாச்சு, குறையைச் சொன்னவனுக்கு மட்டும் கல்தா.

"ஐ.என்.ஏ. வீரர்களையும்தான் ராணுவத்துல திரும்பச் சேர்த்துக்கலை, இதுல என்ன விசேஷம்?"னு ஒரு நண்பர் வாதம் பண்ணினார். சேர்த்துக்கலைதான். ஆனா ஐ.என்.ஏ.காரங்களுக்காக செங்கோட்டை வழக்குல பூலாபாய் தேசாய் வாதாடினார், நேரு பல வருஷம் கழிச்சு வக்கீல் அங்கி மாட்டினார், நாடே கொந்தளிச்சுது. ஷா நவாஸ் கான் பிற்பாடு எம்.பி. ஆனார், மந்திரியும் ஆனார். ஐ.என்.ஏ.வுக்கு ஒரு நேதாஜி இருந்தார். மாலுமிக்கு யார் இருந்தா? ஒரு தந்தி ஆபரேட்டர். அதிகாரியே இல்லாத போராட்டம் அது. அடிமட்டத்து ஆளுங்க மட்டும் செஞ்சதுக்குச் சிலை வைக்க நம்ம ஊர்ல யாருக்கும் கை வராது. அண்ணன் பேர் சொல்லணும், ஜாதி பேர் சொல்லணும், கட்சி பேர் சொல்லணும். இவங்க மூணு கொடியையும் சேர்த்துக் கட்டித் தொலைச்சாங்க, மூணு கட்சிக்காரனும் கழட்டி விட்டுட்டான். இடதுசாரிகள் கொஞ்சம் நினைவு வெச்சிருந்தாங்க, இல்லைங்கலை. 1965ல உத்பல் தத் கல்கத்தாவுல இதை வெச்சு 'கல்லோல்'னு நாடகம் போட்டார். அந்த வருஷமே அவரைப் பிடிச்சு உள்ள போட்டாங்க.

நாம மட்டும் என்ன கிழிச்சோம்? கப்பல்னா நமக்கு வ.உ.சி. 1908ல அவரைத் தூக்கிச் செக்கிழுக்க வெச்சது எல்லாருக்கும் தெரியும், சிவாஜி புண்ணியத்துல. 1912ல வெளிய வந்த மனுஷன் சென்னையில கடை வெச்சுப் பிழைக்கப் பார்த்ததும், 1936ல சாகிற வரைக்கும் கஷ்டப்பட்டதும் படத்தோட கடைசி ரீலுக்கு மேல யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவருக்காவது சினிமா வந்துச்சு. ஹெச்.எம்.ஐ.எஸ். அடையாறு பசங்க இதே சென்னைத் தெருவுல ஊர்வலம் போனாங்கன்னு நம்ம பாடப்புத்தகத்துல நான் படிச்ச ஞாபகமே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமா ஏதோ செஞ்சிருக்காங்க, அதையும் சொல்லிடணும். 1972ல ஆரம்பிச்ச தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்துல இந்தப் போராட்டமும் இடம் பிடிச்சுது. இருபது வயசுல வேலை போனவன் அதுக்குள்ள தாத்தா ஆகியிருப்பான். மும்பை கொலாபாவுல ஒரு மாலுமி சிலை இருக்கு. கடற்படையோட இழுவைப் படகு ரெண்டுக்கு பி.சி.தத், மதன் சிங்னு பேர் வெச்சாங்க. 2022 குடியரசு தின அணிவகுப்புல கடற்படை ஊர்தியில இந்த 1946 காட்சி வந்துச்சு. தல்வார்ங்கிற பேர்ல போர்க்கப்பல் 1959ல ஒண்ணு, 2003ல ஒண்ணுன்னு வந்தாச்சு. தல்வார்ல இருந்து துரத்தப்பட்டவன் இருக்க, தல்வார் பேருக்கு மட்டும் பட்டாபிஷேகம். 1971லயே தத் எழுதின புத்தகத்தோட தலைப்பு 'அப்பாவிகளின் கலகம்'ங்கிற அர்த்தத்துல வரும். அந்தத் தலைப்பை வெச்ச மனுஷனுக்கு எவ்வளவு கசப்பு இருந்திருக்கணும்!

அதனால அடுத்த பிப்ரவரியில அந்த ஃபார்வர்டை அனுப்புறதுக்கு முன்னாடி, மக்களே, ஒரு உதவி பண்ணுங்க. பழைய சென்னை மாகாணத்துல இருந்து போர்க்காலத்துல நேவிக்குப் போன பசங்க நிறைய. தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர், கேரளப் பக்கம் யாராவது இருந்தாக் கேட்டுப் பாருங்க. உங்க தாத்தாவோ பெரிய தாத்தாவோ "போர்ல நேவியில இருந்தார், அப்புறம் ஏனோ வந்துட்டார்"னு வீட்டுல ஒரு பேச்சு இருந்திருக்கும். அந்த 'ஏனோ'வைக் கிளறுங்க. பரண்ல தகரப்பெட்டி இருந்தா இறக்குங்க. டிஸ்சார்ஜ் பேப்பர், குரூப் போட்டோ, தொப்பி நாடா, எது கிடைச்சாலும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. பேரும் ஊரும் கப்பலும் தெரிஞ்சாப் போதும். 476ல ஒரு பத்துப் பேரையாவது நாமளே எழுதி வெச்சுடலாம்.

டிஸ்கி: "காந்தியைத் திட்டுறியா, படேலைத் திட்டுறியா, தெளிவாச் சொல்லு"ன்னு கேட்டு வர்றவங்களுக்கு, மேல இருந்து இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க சாமி. கும்மி அடிக்கிறதுக்கு வேற இடம் நிறைய இருக்கு :)